'உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை' என்று தளம் சொன்னால் செய்யக் கூடாத தவறுகள்

கடையை அடைக்க அரை மணி நேரம் இருந்தது. தோட்டத்திலிருந்து ஓர் ஆன்ட்டி மகளோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மகளின் படிப்புக்கு உதவி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும், அன்று இரவு 11.59-க்குத் தளம் மூடிவிடும். "தம்பி, காலையிலிருந்து திறக்க மாட்டேங்குது. போன் கெட்டுப் போச்சு போல. புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரையில் ஒரே வரி மட்டும் இருந்தது: 'பெலாயார் அண்டா தீடாக் டிசோகோங்'. மலாயில், உங்கள் உலாவிக்கு ஆதரவு இல்லை என்று அர்த்தம். போனில் எந்தக் கோளாறும் இல்லை. டேட்டா மிச்சமாகும் என்று மகன் ஓப்பரா மினி என்ற உலாவியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார், எல்லாவற்றையும் ஆன்ட்டி அதிலேயே திறந்து வந்திருக்கிறார். அதே போனில் மூலையில் கிடந்த குரோமில் முகவரியை அடித்ததும் படிவம் வந்துவிட்டது. பத்தரைக்குள் அனுப்பி, பதிவு எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்தேன்.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊரில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். வரி, உதவித்தொகை, பல்கலைக்கழக விண்ணப்பம் என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டதால், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதே என் பாதி வேலை. இந்த ஒரு வரிச் செய்தியைப் பார்த்துப் பயந்து பணத்தை விட்டவர்களும் கடைசி நாளைத் தவறவிட்டவர்களும் நிறையப் பேர். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, செய்தியை வாசிக்காமலே 'திறக்கல' என்று முடிவு கட்டுவது. திறக்காமல் போவதற்குப் பல காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. 'உலாவிக்கு ஆதரவு இல்லை' என்றால் தளம் உங்கள் உலாவியின் பெயரையோ பதிப்பு எண்ணையோ பார்த்து வாசலில் நிறுத்துகிறது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றால் அது தளத்தின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ் விவகாரம். 'நீங்கள் மனிதர்தானா' என்ற கட்டத்தைத் தட்டத் தட்ட அதே பக்கம் திரும்பி வந்தால், குக்கியையோ (தளம் உங்களை நினைவில் வைக்கும் சிறு குறிப்பு) ஸ்கிரிப்டையோ (பக்கத்தை இயக்கும் நிரல்) விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ ஒன்று மறிக்கிறது. வாசிக்க முடியாவிட்டால் திரையைப் படம் பிடித்துக் கொண்டு வாருங்கள். அந்தப் படம் எனக்குப் பாதி வேலையை மிச்சமாக்கும்.

சான்றிதழ் செய்தி வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளின் மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி இருக்கும், எண் 2032. அது தீர்ந்துபோனால், மின்சாரத்தை நிறுத்திப் போடும்போதெல்லாம் கணினியின் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தும். சில ரிங்கிட் பேட்டரிக்காகக் கணினியையே தூக்கிப் போட இருந்த ஒருவரைத் தடுத்திருக்கிறேன். தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிப் போய் அடையாள அட்டை எண்ணை அடிக்கவே கூடாது.

சரி, பெயர் விவகாரத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தைக் கேட்கும்போதே உலாவி தன்னை அறிமுகப்படுத்தி ஒரு வரி அனுப்புகிறது. யூசர் ஏஜென்ட் என்பார்கள். இன்றைய குரோம் அனுப்பும் வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'மொசில்லா 5.0, விண்டோஸ், ஆப்பிள் வெப்கிட், கெக்கோ போன்றது, குரோம், சஃபாரி'. ஒரே உலாவிக்கு ஏன் இத்தனை பெயர்? 1994-இல் வந்த நெட்ஸ்கேப்புக்கு உள்பெயர் மொசில்லா. அந்தப் பெயரைச் சொன்னால்தான் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் 1995-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றே சொல்லிக்கொண்டது. பின்னால் வந்த சஃபாரியும் குரோமும் முன்னால் போனவர்களின் பெயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தன.

எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது. பேருந்தில் வருகிறவர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் கேட்பார், அவர் சரியான இடத்தில்தான் இறங்குவார். அது மாதிரிதான் இதுவும். பெயரை வைத்து ஆளை முடிவு செய்தால் பிசகும். 2009-இல் ஓப்பரா பத்தாம் பதிப்பு வந்தபோது, பதிப்பு எண்ணில் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்த தளங்கள் அதை 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் ஓப்பரா தன் அறிமுக வரியில் 9.80 என்று போட்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் வைத்தது. விவால்டி உலாவி 2019 டிசம்பரில் தன் பெயரைப் பெரும்பாலான தளங்களிடம் சொல்வதையே நிறுத்திவிட்டு, குரோம் என்று சொல்லத் தொடங்கியது. 2022-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் நூறாம் பதிப்பை எட்டியபோது, மூன்று இலக்கத்தைத் தளங்கள் தாங்குமா என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

என் கடையில் இரண்டாவதாக ஒரு கணினி இருக்கிறது. 4 ஜிபி நினைவகம், லினக்ஸ், ஃபால்கன் என்ற இலேசான உலாவி. ஒரு விண்ணப்பத் தளம் அதை வாசலிலேயே நிறுத்தியது, குரோம் வேண்டுமாம். ஃபால்கனுக்கு உள்ளே ஓடும் இயந்திரமும் குரோமுக்கு அடித்தளமான குரோமியம்தான்! அமைப்புகளுக்குப் போய் அறிமுக வரியை அந்த ஒரு தளத்துக்கு மட்டும் குரோம் என்று மாற்றினேன். படிவம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பொத்தான் வரை ஒழுங்காக ஓடியது. அந்தத் தளம் உலாவியின் திறமையைச் சோதிக்கவே இல்லை, பெயரை மட்டும்தான் பார்த்திருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பழைய கணினியை இன்னும் நான்கு வருடம் ஓட்ட முடிகிற குடும்பத்திடம், காரணமே இல்லாமல் புதுசு வாங்கு என்று சொல்வதற்குச் சமம் அது.

இந்தப் பெயர் மாற்றும் வழியைக் கேள்விப்பட்டவர்கள் செய்கிற தவறுகள் தனி ரகம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பெயரை மாற்றினால் உலாவி புதுசாகாது. விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் புதுப் பெயர் கட்டிவிட்டால் தளம் ஏமாறலாம், ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியேதான் இருக்கும். தளம் பழைய பதிப்பைத் தடுத்தால் அதில் நியாயம் உண்டு. புதிய பதிப்பையும் பெயருக்காகத் தடுப்பதுதான் அநியாயம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'உதவி' பட்டியலில் 'பற்றி' என்ற இடத்தைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரு விஷயம் கவனம்: ஃபயர்பாக்ஸில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்று உண்டு. அதன் எண் சிறியதாகத் தெரிந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். எண் சின்னது என்பதற்காகவே அதை அழித்துவிட வேண்டாம்.

அடுத்து, பெயர் மாற்றுவதற்கென்று கிடைக்கிற நீட்சிகளில் (உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல்கள்) கண்ணில் பட்டதைப் போட்டுக்கொள்வது. 'எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் நீட்சி, வங்கிப் பக்கத்தையும் வாசிக்கும். நீட்சி இல்லாமலே இதைச் செய்யலாம். குரோம், எட்ஜ் இரண்டிலும் மேம்பாட்டாளர் கருவிகளில் வசதி இருக்கிறது. சஃபாரியில் மேம்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கைப்பேசியில் இன்னும் சுலபம்: மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதைத் தொட்டால் அறிமுக வரி கணினியுடையதாக மாறிவிடும். பல சமயம் அந்த ஒரு தொடுதலே போதும்.

மாற்றியதை அப்படியே விட்டுவிடுவதும் பிசகு. ஆறு மாதம் கழித்து நீங்கள் கட்டிவிட்ட பெயரின் எண் பழசாகி, எல்லாத் தளமும் 'உலாவியைப் புதுப்பிக்கவும்' என்று கத்தத் தொடங்கும். காரணம் உங்களுக்கு மறந்தே போயிருக்கும். வேலை முடிந்த கையோடு பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். வங்கித் தளத்தில் மட்டும் இந்த வேலையே வேண்டாம். அங்கே அறிமுகம் ஒன்று, நடத்தை இன்னொன்று என்று தெரிந்தால் சந்தேகக் கணக்கில் சேர்த்துப் பூட்டிவிட வாய்ப்புண்டு. வங்கிக்கு அதன் சொந்தச் செயலியையோ ஆதரவுள்ள உலாவியையோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பரா மினி பற்றி ஒரு வார்த்தை. அதில் டேட்டாவை மிக அதிகமாக மிச்சப்படுத்தும் நிலையில், பக்கம் முதலில் ஓப்பராவின் சர்வருக்குப் போய்ச் சுருங்கி அப்புறம்தான் உங்கள் போனுக்கு வருகிறது. செய்தி வாசிக்க அது அருமை. கடவுச்சொல்லும் டிஏசி எண்ணும் (வங்கி தரும் ஒருமுறை எண்) அடிக்கிற இடத்துக்கு அது வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேறு சங்கதி: நம் நாட்டு ஐபோனில் எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ற இயந்திரம்தான். சஃபாரியில் படிவம் உடைந்தால், அதே போனில் குரோமைப் போட்டும் உடையலாம்.

இப்போது சொல்வதுதான் எனக்கு மிக முக்கியம். 'உங்கள் உலாவி பழையது, புதுப்பிக்க இங்கே தட்டவும்' என்று ஒரு பக்கம் பொத்தானைக் காட்டினால் தட்டாதீர்கள். யாராவது வாட்ஸ்அப்பில் 'இந்த உலாவியைப் போட்டால் திறக்கும்' என்று ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால் அதைத் தொடவே தொடாதீர்கள். அப்படிப் போட்ட செயலி குறுஞ்செய்திகளை வாசித்து, வங்கி அனுப்பும் எண்ணை எடுத்துக்கொண்டு கணக்கைத் துடைக்கும். இந்த வழியில் நம் நாட்டில் பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். உலாவியைப் பிளே ஸ்டோரிலிருந்தோ, ஆப் ஸ்டோரிலிருந்தோ, அந்த உலாவி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தெரியாமல் தட்டிப் பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டு நிற்காமல் உங்கள் வங்கியையோ, 997 என்ற தேசிய மோசடி உதவி எண்ணையோ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய சேவை அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழியிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனிலோ என் கடைக் கணினியிலோ செய்ய வேண்டி வந்தால், தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறக்கச் சொல்லுங்கள். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு எல்லோரும் மறப்பது பதிவிறக்கக் கோப்புறையை. தனிப்பட்ட சாளரத்தை மூடினாலும் இறக்கிய பிடிஎஃப் அங்கேயே கிடக்கும், அதில் உங்கள் மைகாட் (அடையாள அட்டை) எண், சம்பளம், வீட்டு முகவரி எல்லாம் இருக்கும். எங்கள் கடையில் ஒவ்வொருவரும் எழுந்து போகும் முன் அவர்கள் கண் முன்னாலேயே அதை அழித்துக் காட்டுகிறேன். வேறு கடைக்குப் போனாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

எரிச்சலில் எல்லாத் தடுப்பான்களையும் மொத்தமாக அணைப்பதும் வேண்டாத வேலை. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கிப் பார்த்தால் போதும்.

எப்படியோ வேலை முடிந்ததே என்று தளத்துக்கு எழுதாமல் விடுவதும் ஒரு தவறுதான். சொல்லாவிட்டால் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை, அப்புறம் 'ஃபயர்பாக்ஸை யாரும் பயன்படுத்துவதில்லை' என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். எழுதும்போது பக்கத்தின் முகவரி, உலாவியின் பெயரும் பதிப்பும், இயங்குதளம், நேரம், திரையைப் பிடித்த படம் இவற்றைப் போடுங்கள். பெயரை மாற்றியபோது படிவம் சரியாக ஓடியது என்றால் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தடுப்பு தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. அடையாள அட்டை எண் தெரியும் படத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

தளம் கட்டும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஒரு கோயில் திருவிழாப் பதிவுக்குப் பக்கம் செய்த தம்பி ஒருவர், குரோம் இல்லாவிட்டால் உள்ளே விடாதபடி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "நான் குரோம்ல மட்டும்தான் டெஸ்ட் பண்ணேன்ணே" என்றார். அந்த வரியை எடுத்துவிட்டு, தேவையான வசதி உலாவியில் இருக்கிறதா என்பதை மட்டும் சோதிக்கச் சொன்னேன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். முன்பு 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும்' என்று எழுதிப்போட்ட தளங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்த உலாவிக்கு ஓய்வு கொடுத்தபோது, எட்ஜுக்குள் ஒரு பழைய நிலையைத் திறந்துதான் அவற்றை ஓட்ட வேண்டியதாயிற்று.

என் ஃபால்கனை நிறுத்திய அந்தத் தளத்துக்கும் எழுதினேன், மலாயில், ஆறு வரி. பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஃபயர்பாக்ஸில் திறந்து பார்த்தேன், முன்பு அதையும் தடுத்த பக்கம் இப்போது உள்ளே விட்டது. ஃபால்கனை இன்னும் விடவில்லை. இரண்டாவது கடிதத்தை நேற்று அனுப்பியிருக்கிறேன்.