ஆடி மாதத் தரங்கம்பாடி: கூட்டமில்லாத ஒரு பகல்

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் கும்பகோணத்தில் கார் எடுத்து, நவக்கிரகக் கோயில்களை முடித்து, வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் தரங்கம்பாடியில் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். கோட்டை முன்னால் நாலு படம், அப்புறம் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊருக்கு அது போதவே போதாது. பயணத்தில் ஒரு பகலை அதற்கென்றே ஒதுக்குங்கள். அதுவும் வார நாளாக இருக்கட்டும். ஞாயிறு கடற்கரை நிரம்பிவிடும். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த நாளும் வேண்டாம்.

ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, பொறையாறு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடிக்கலாம். சிதம்பரத்திலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வருவதும் சுலபம். எங்கிருந்து வந்தாலும் காலை ஏழு மணிக்குள் ஊருக்குள் இருங்கள். ஆடியில் காற்று உண்டு, ஆனால் பதினொரு மணி வெயில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சோர வைத்துவிடும்.

முதலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், வழுக்கும். கடலில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம்.

டேனிஷ் கோட்டையைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் 1620இல் இங்கே காலூன்றினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கண்காட்சியை விட எனக்குப் பிடித்தது மேல்தளத்திலிருந்து தெரியும் கடல்தான். நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை கையில் இருக்கட்டும். வெளிநாட்டு அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது ராஜ வீதியில். 1706இல் இங்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தவர். அவருடைய முயற்சியில் இங்கே அச்சகம் வந்தது, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கையில் பிடிக்கும்போது, அந்த அச்சுக் கதையில் இந்தத் தெருவுக்கும் பங்கு உண்டென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் (1718) இந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1719இல் இறந்த அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். வாசல் முகப்பில் டென்மார்க் அரசரின் முத்திரையும் கிரீடமும் தெரியும். இன்றும் வழிபாடு நடக்கும் இடம். செருப்பு, செல்போன் விஷயத்தில் அங்கிருப்பவர்களைக் கேட்டு நடங்கள்.

மீனவர் தெருப் பக்கம் போனால் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். 2004 சுனாமி அடித்த ஊர் இது. அந்த நாளைப் பற்றி நீங்களாகத் துருவிக் கேட்க வேண்டாம். அவர்களே சொன்னால் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பொறையாறு போதும். வகைவகையாக வேண்டுமென்றால் காரைக்கால். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிவதால், ஜூலையில் நல்ல மீன் கிடைக்கும்.

நாலு மணிக்கு மேல் நேரம் இருந்தால் பக்கத்திலேயே திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகக் கூட்டமெல்லாம் காலையோடு ஓரளவு குறைந்திருக்கும், அபிராமியை நிதானமாகப் பார்க்கலாம். தேதி குறிக்கும்போது ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை தவிர்த்துவிடுங்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களால் கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது நிரம்பி வழியும்.