பழைய, புதிய இசைத்தட்டுகளை எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

இசைத்தட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்பவரிடம், எந்தத் தட்டு வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். எழுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல் இ.பி. (சில பாடல்களே அடங்கிய சிறு தட்டு) தேடுபவர் போக வேண்டிய இடம் வேறு, உறை பிரிக்காத புதிய ஜாஸ் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டு) தேடுபவர் போக வேண்டிய இடம் வேறு. இரண்டுக்கும் பொதுவான ஒரே அளவுகோல், தட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்க்க விடுகிற, முடிந்தால் ஓட்டிக் கேட்கவும் விடுகிற கடையே நல்ல கடை என்பதுதான். சென்னையில் இருந்துகொண்டு கர்நாடக இசையும் பழைய திரைப்பாடலும் சேர்த்துவரும் அனுபவத்தில், நான் பின்பற்றும் முறையை வரிசையாக எழுதுகிறேன். பிளேயரை இணைப்பது, முள்ளின் எடையைச் சரிசெய்வது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: தேடும் தட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாடகர் பெயரையோ படத்தின் பெயரையோ மட்டும் சொல்லிக் கடையில் கேட்டால், கடைக்காரர் ஒரு கட்டுத் தட்டுகளை எடுத்து முன்னால் வைத்துவிடுவார். ஒவ்வொரு தட்டுக்கும் நிறுவனம் கொடுத்த வரிசை எண், தட்டின் நடுவே ஒட்டியிருக்கும் காகித நடுவட்டத்திலும் உறையிலும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணோடு போனால் பேச்சும் சுருங்கும், ஒரே பாடல்கள் அடங்கிய வெவ்வேறு பதிப்புகளைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டியிருக்காது. எண்ணைக் கண்டுபிடிக்க, 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, இசைத்தட்டுகளைப் பட்டியலிடவும் வாங்கி விற்கவும் உதவும் டிஸ்காக்ஸ் இணையத்தளத்தையே நான் முதலில் பார்க்கிறேன். இந்தியத் தட்டுகள் எல்லாமே அதில் ஏறிவிடவில்லை என்றாலும், ஏறியவற்றுக்கு நடுவட்டத்தின் படமும், முன்பு விற்ற விலைகளில் குறைந்தது, நடுவானது, உயர்ந்தது ஆகியவையும் கிடைக்கின்றன. கடைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று தெரிந்துகொள்ள இந்த நடு விலையே போதும்.

தமிழ்த் தட்டுகளுக்கு நிறுவனப் பெயரும் நல்ல வழிகாட்டி. கர்நாடக இசைக்கு எச்.எம்.வி., கொலம்பியா முத்திரைகளையும், திரைப்பாடல்களுக்கு அவற்றோடு இன்ரெக்கோ, பாலிடோர் முத்திரைகளையும், இளையராஜாவின் எண்பதுகளுக்கு எக்கோ முத்திரையையும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 12 அங்குல எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுவது. 7 அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் 45 சுற்று என்றாலும், ‘சூப்பர் 7’ என்ற பெயரில் 33⅓ சுற்றுத் தட்டுகளும் இங்கே வந்தன. அரக்கால் ஆன 78 சுற்றுத் தட்டுகள் அறுபதுகளிலும் இந்தியாவில் அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78-இல் வந்ததால், உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அவற்றை இன்றும் தேடுகிறார்கள்.

இரண்டாம் படி: பழைய தட்டு கிடைக்கும் இடங்கள்

சென்னையில் இந்தத் தேடலின் பழைய முகவரி மூர் மார்க்கெட். 1985 மே 30 அன்று அது எரிந்துபோனபின், அங்கிருந்த வியாபாரிகள் பலர் சென்ட்ரலை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தார்கள். பழைய புத்தகம், பழைய தட்டு என்றால் ‘மூர் மார்க்கெட்டில் பாருங்கள்’ என்றுதான் இன்றும் நகரத்தில் சொல்கிறார்கள். எந்தக் கடை எங்கே இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால், போகும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. இது எல்லா ஊருக்கும் பொருந்தும். மும்பை காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் 2016-இலும், சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தை 2017-இலும் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் பழைய வழிகாட்டிக் கட்டுரைகள் இன்னும் அங்கே போகச் சொல்கின்றன.

வெளியூர் போகிறவர்கள் மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவையும், கொல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு என்று அழைக்கப்படும் மிர்சா காலிப் தெருவையும், தில்லி சாந்தினி சவுக்கில் உள்ள நியூ கிராமபோன் ஹவுஸையும் பார்க்கலாம். மட்டன் தெருவின் வழக்கமான கடைகள் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். இந்த மூன்று இடங்களிலும் இந்தி, வங்காளம், ஆங்கிலம் ஆகியவையே மிகுதி, தமிழ் அரிதாகவே கிடைக்கும். கோலாலம்பூர் பக்கம் போகும் வாய்ப்பு இருந்தால், பெட்டாலிங் ஜெயாவில் உள்ள அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையை விட்டுவிடாதீர்கள். தமிழர்கள் வாழும் நாடு என்பதால், வேறு மொழித் தட்டுகளுக்கு இடையே தமிழும் அகப்பட வாய்ப்புண்டு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளையும் பலர் சொல்வார்கள். அழகுக்காக வாங்குபவர்களை எதிர்பார்த்து விலை வைக்கப்படும் இடம் அது என்பதால், கேட்பதற்காக வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்களில் அண்மையில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியவை ஏராளம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் மதிப்பில், தமிழ்த் தட்டுகளுக்கு எல்லாக் கடைகளையும்விட மேலான இடம் வீடுகள்தான். வீட்டை இடிக்கும்போதும் மாற்றும்போதும் தாத்தாவின் ரேடியோகிராமும் (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டி) தட்டுகளும் பழைய பேப்பர் கடைக்கோ காயலான் கடைக்கோ போகின்றன. உங்கள் தெருவில் உள்ள பழைய பேப்பர் கடைக்காரரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள். கச்சேரி கேட்கும் பழக்கம் உள்ள வீட்டிலிருந்து வரும் தட்டு, பெரும்பாலும் ஒரே ஆள் கவனமாக ஓட்டிய தட்டாக இருக்கும்.

மூன்றாம் படி: தட்டைச் சோதித்தல்

நிதானம் தேவைப்படுவது இங்கேதான். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் பளபளவென்றுதான் தெரியும், ஏனென்றால் பரவலான வெளிச்சம் கீறலை மறைத்துவிடும். கைபேசியின் டார்ச்சை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தட்டை விளிம்பிலும் நடுவட்டத்திலும் மட்டும் தாங்கி, வெளிச்சம் சாய்வாக வழுக்கிப் போகும்படி மெல்லத் திருப்புங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் உறையில் உரசியதால் வந்தவை, அவற்றின் சத்தம் பாட்டில் அடங்கிவிடும். முள் ஓடும் பள்ளங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோட்டின் மேல் விரல்நுனியை மிக மெதுவாக வைத்துப் பாருங்கள். தட்டுப்பட்டால் அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ கேட்கும், முள் தாவவும் கூடும்.

கீறலைவிடப் பெரிய பகை தேய்மானம், அது கண்ணுக்கு எளிதில் படாது. அந்தக் காலத்து வீட்டுப் பிளேயர்களில் பலவற்றில் இருந்த செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைத் தாங்கும் பாகம்) 5 கிராமுக்கும் மேலான எடையோடு பள்ளத்தில் இறங்கியது. இன்றைய காந்த கார்ட்ரிட்ஜுகள் 2 கிராம் அளவில் ஓடுகின்றன. தேய்ந்துபோன முள்ளை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருந்தால், தட்டில் ஒரு கீறலும் இல்லாமலே பாட்டு சிதைந்திருக்கும். அப்படிப்பட்ட தட்டின் கறுப்பு சாம்பல் பூத்து மங்கித் தெரியும். நடுவட்டத்தின் துளையைச் சுற்றிப் பாருங்கள். பிளேயரின் நடுக்கம்பியில் துளையைப் பார்க்காமலே பொருத்த முயன்று வைத்துவைத்து எடுத்ததால் விழுந்த மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள்.

நம் ஊருக்கே உரிய இன்னோர் அடையாளமும் உண்டு. நடுவட்டத்திலோ உறையிலோ ஏதாவது சவுண்ட் சர்வீஸின் ரப்பர் முத்திரை இருந்தால், அந்தத் தட்டு கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் குழாய் ஒலிபெருக்கிக்காக நாள் முழுவதும் சுழன்றது என்று எடுத்துக்கொள்ளலாம். திரைப்பாடல் இ.பி.களில் பல இந்த வழியாகவே சந்தைக்கு வருகின்றன. வேறெங்கும் கிடைக்காத பாட்டாக இருந்தால் ஒழிய, ஓட்டிக் கேட்காமல் அவற்றை வாங்காதீர்கள்.

கடையில் பிளேயர் இருந்தால், முதல் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் உரத்த பகுதியைக் கேளுங்கள். உட்புறம் போகப்போகச் சுற்று சிறுத்து, அதே நேரத்தில் முள் கடக்கும் நீளம் குறைவதால், தேய்மானத்தின் சிதைவு அங்கேதான் முதலில் வெளிப்படும். கர்நாடக இசையில் இதற்கு நாகசுரத்தைவிட நல்ல சோதனை கிடையாது. மேல் ஸ்தாயியில் ஒரு நீண்ட கார்வை கரகரக்காமல், உடையாமல் வந்தால் பள்ளம் நலமாக இருக்கிறது. மேற்பரப்பின் இரைச்சலை அறிய வீணைத் தட்டு ஏற்றது. ஒரு மீட்டுக்கும் அடுத்த மீட்டுக்கும் இடையிலுள்ள அமைதியில் பொரிகிற சத்தம் எவ்வளவு என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

கடைசியாக, தட்டைக் கண் மட்டத்தில் கிடையாகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வெண்புள்ளிகளாகப் பூத்திருக்கும் பூஞ்சணம் சென்னை போன்ற கடலோர ஊர்களில் மிக இயல்பு. அது பெரும்பாலும் கழுவினால் போய்விடும் என்பதால், அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். வளைவுக்கு அப்படி எளிய மருந்து இல்லை, வாங்காமல் விடுங்கள்.

நான்காம் படி: புதிய தட்டு

புதிய தட்டுக்குச் சோதனை குறைவு, கடையின் நாணயம்தான் முக்கியம். மும்பை மாஹிமில் உள்ள தி ரிவால்வர் கிளப் போன்ற, தட்டுக்கென்றே நடத்தப்படும் கடைகளை நான் விரும்புகிறேன். பொதுவான இணைய அங்காடிகளில் அடுத்த பொருளோடு பொருளாகத் தட்டைப் போட்டு அனுப்பும் பழக்கத்தால் மூலைகள் நசுங்கி வருகின்றன. உறை பிரித்தபின் குறை தெரிந்தால் மாற்றித் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புதிய தட்டிலும் துளை நடுவில் அமையாமல் சுருதி அலைவது உண்டு. பழைய இசையின் மறுபதிப்பு என்றால், எந்த மூலத்திலிருந்து அச்சிட்டார்கள் என்று உறையில் தேடுங்கள். ஒன்றுமே சொல்லப்படாத மலிவுப் பதிப்பைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய தட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஐந்தாம் படி: இணையத்தில் பழைய தட்டு

டிஸ்காக்ஸில் தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியாகத் தரம் குறிப்பார்கள். ‘வெரி குட் பிளஸ்’ என்பது கேட்க நன்றாக இருக்கும் தரம். ‘வெரி குட்’ என்றால் இரைச்சல் கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். வெறும் ‘குட்’ என்பது, பெயருக்கு மாறாக, மோசமாகத் தேய்ந்த தட்டு. பார்த்து மதிப்பிட்டதா, ஓட்டிக் கேட்டு மதிப்பிட்டதா என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் வழியாக விற்கும் உள்நாட்டு வியாபாரிகளிடம் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த காணொளி கேட்கலாம். அனுப்பும்போது தட்டை வெளியுறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு வெளியுறைக்குப் பின்னால் வைத்து, இரு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால், வழியில் தட்டு நகர்ந்து உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேரும் என்பதால், இங்கே கிடைக்கவே கிடைக்காததற்கு மட்டும் அந்த வழியை வைத்துக்கொள்வது நல்லது.

பின்சேர்க்கை 1: வாங்கிய தட்டைக் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போன ஒரு வாசகர், திரும்பி வந்தபோது அது வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வினைல் தாங்காது. தட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு 78 தட்டு வாங்கிய வாசகர், எல்.பி.யைக் கழுவுவதுபோலவே ஆல்கஹால் கலந்த நீரால் அவற்றையும் கழுவலாமா என்று கேட்டிருக்கிறார். கூடவே கூடாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புக் கலந்து, நடுவட்டத்தில் ஈரம் படாமல் துடைத்து, உடனே உலர்த்துங்கள். எல்.பி. முள்ளாலும் 78-ஐ ஓட்டாதீர்கள். எல்.பி. முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். சிறிய முள் அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கி, இரைச்சலை மட்டும் வாரிக்கொண்டு வரும். ஆடியோ டெக்னிக்காவின் வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள், 78-க்கான எஸ்.பி. முள்ளைத் தனியாக வாங்கி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். நான் பயன்படுத்துவதும் அதுதான். பிளேயரில் 78 சுற்றுக்கான வசதி இருக்கிறதா என்பதை மட்டும் முள் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.