டூயல்சென்ஸ் எட்ஜில் ஸ்டிக் டிரிஃப்ட்: கண்டுபிடிப்பது முதல் மாட்யூல் மாற்றுவது வரை

கன்ட்ரோலரை யாரும் தொடவில்லை, ஆனால் திரையில் கேமரா மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. அல்லது ஸ்டிக்கை விட்ட பிறகும் உங்கள் வீரர் இரண்டடி நடந்துவிட்டுத்தான் நிற்கிறார். இதற்குப் பெயர்தான் ஸ்டிக் டிரிஃப்ட். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் இதைச் சரிசெய்ய சால்டரிங் (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது) தெரிந்திருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5-க்காக (பிஎஸ்5) 2023 ஜனவரியில் சோனி வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் அது தேவையில்லை. ஸ்டிக்கை மாட்யூலோடு, அதாவது அது பொருத்தப்பட்டிருக்கும் தனிப் பாகத்தோடு, அப்படியே கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். அறிமுக விலையில் கன்ட்ரோலர் 199.99 டாலர், ஒரு மாட்யூல் 19.99 டாலர். ஆனாலும் டிரிஃப்ட் தெரிந்தவுடன் புது மாட்யூல் வாங்க ஓடாதீர்கள். கோளாறு எங்கே என்று பார்த்துவிட்டுப் பணம் செலவழிக்கலாம்.

உள்ளே என்ன தேய்கிறது?

ஒவ்வொரு ஸ்டிக்கின் அடியிலும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று இடம் வலம் பார்க்கும், மற்றது மேல் கீழ் பார்க்கும். கரிப்பூச்சுள்ள ஒரு தடத்தின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது. அது எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் மாறும். கன்ட்ரோலர் படிப்பது அந்த மின்னழுத்தத்தைத்தான். உரசல் இருக்கும்வரை தேய்மானமும் இருக்கும். ஸ்டிக் எந்தத் திசையில் போனாலும் நடுவுக்குத் திரும்புவதால், தடத்தின் நடுப்பகுதிதான் முதலில் தேயும். உதிர்ந்த கரித்தூளும் அங்கேயே சேர்ந்து அளவீட்டைக் குழப்பும். இத்தகைய மாட்யூல்களைத் தயாரிக்கும் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் தரவுத்தாள் தரும் ஆயுள்: ஸ்டிக் அசைவுக்கு 20 லட்சம் சுழற்சி, நடுவில் அழுத்தும் பொத்தானுக்கு 5 லட்சம் அழுத்தம். எண் பெரிதுதான். ஆனால் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் இடது ஸ்டிக் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை நடுவைக் கடக்கிறது என்று கவனித்தால் அது அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

எட்ஜின் மாட்யூலும் இதே பொட்டென்ஷியோமீட்டர் வகைதான். ஆகவே எட்ஜ் விலை உயர்ந்தது என்பதற்காக அதன் ஸ்டிக் அதிக நாள் உழைக்கும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எளிதாக மாற்றும் வசதிக்கானது.

படி 1: எண்களைப் பாருங்கள்

கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, குரோம் உலாவியில் ஏதாவது ஒரு கேம்பேட் சோதனைப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் இரண்டு எண்கள் தெரியும். அவை கழித்தல் 1 முதல் 1 வரை மாறும். நடுநிலை என்பது 0.

ஸ்டிக்கைத் தொடாதபோது 0.00392 என்று காட்டினால் பதற வேண்டாம். டூயல்சென்ஸ் ஒவ்வொரு அச்சையும் 0 முதல் 255 வரையான படிகளில் அனுப்புகிறது. அதில் சரியான நடு எண் கிடையாது. 128-ஐ மாற்றிக் கணக்கிட்டால் கிடைப்பதுதான் இந்த 0.00392. தொடாத நிலையில் 0.05-க்குள் இருந்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் எதுவும் தெரியாது. 0.1-ஐத் தொட்டால் பல விளையாட்டுகளில் கேமரா நகரத் தொடங்கும்.

இனி ஸ்டிக்கை ஒரு திசையில் ஓரம்வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள். நான்கு திசையிலும் தலா பத்து முறை செய்து, ஒவ்வொரு முறையும் எந்த எண்ணில் வந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கோளாறின் வகையை இதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு முறையும் அதே தவறான எண்ணில், உதாரணமாக எப்போதும் 0.09-இல், வந்து நின்றால் நடுப்புள்ளி விலகியிருக்கிறது. இடமிருந்து விடும்போது ஒரு எண்ணும் வலமிருந்து விடும்போது வேறொரு எண்ணும் வந்தால், ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கோ அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோ தளர்ந்துவிட்டது. சுத்தம் செய்வதால் இது சரியாகாது. கையை அசைக்காமல் ஸ்டிக்கைப் பாதி தூரத்தில் பிடித்திருக்கும்போதும் எண்கள் நடுங்கினால் அல்லது திடீரெனத் தாவினால், தடத்தில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. ஓரம்வரை தள்ளியும் 1-க்கு அருகில் கூட வரவில்லை என்றால் வீச்சு குறைந்திருக்கிறது. ஓட்டப் பந்தய விளையாட்டில் கார் முழுதாகத் திரும்பாமல் போவது இதனால்தான்.

படி 2: முதலில் சுத்தம்

ஸ்டிக்கின் தண்டு கன்ட்ரோலரின் வட்ட விளிம்பில் உரசி உரசி, நுண்ணிய பிளாஸ்டிக் தூள் உள்ளே விழும். கன்ட்ரோலரை அணைத்துக் கேபிளைக் கழற்றுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலை காட்டன் பட்ஸில் லேசாக நனைத்து, விளிம்பையும் தண்டையும் துடையுங்கள். பட்ஸ் ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. பிறகு ஸ்டிக்கை ஓரத்தோடு ஒட்டி இருபது முப்பது முறை வட்டமாகச் சுற்றிவிட்டு, பத்து நிமிடம் உலர விட்டு, படி 1-ஐத் திரும்பச் செய்யுங்கள்.

துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடிக்க வேண்டாம். அன்றைக்குச் சரியானது போலத் தெரியும். ஆனால் எண்ணெய் தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தூசியால் வந்த கோளாறு ஆல்கஹாலில் போகும், கரிப்பூச்சே தேய்ந்திருந்தால் சில நாளில் திரும்ப வரும்.

படி 3: டெட்ஸோன்

பிஎஸ்5 அமைப்புகளில் துணைக்கருவிகள் பகுதிக்குப் போய் எட்ஜ் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, உங்கள் புரொஃபைலைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் தனித்தனியாக டெட்ஸோன் மாற்றலாம். அந்த அளவுக்குள் இருக்கும் அசைவைக் கன்ட்ரோலர் கண்டுகொள்ளாது. டிரிஃப்ட் மறையும் வரை சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்து, மறைந்தவுடன் நிறுத்துங்கள். அளவு கூடக்கூட மெல்லிய குறிபார்ப்பு போய்விடும். ஆகவே இது புது மாட்யூல் வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே.

படி 4: இடதும் வலதும் மாற்றிப் பாருங்கள்

எட்ஜில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாட்யூல்தான். எனவே காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள் (கழற்றும் முறை படி 5-இல்). டிரிஃப்ட் மாட்யூலோடு சேர்ந்து மறுபக்கம் போனால் கோளாறு மாட்யூலில். பழைய பக்கத்திலேயே நின்றுவிட்டால் கோளாறு இணைப்பு முனையிலோ பலகையிலோ இருக்கிறது. அப்போது புது மாட்யூல் வாங்குவது வீண். உத்தரவாதக் காலம் இருந்தால் சேவை மையம்தான் சரியான வழி.

படி 5: மாட்யூலைக் கழற்றி மாட்டுவது

1. பிஎஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கன்ட்ரோலரை அணையுங்கள். கேபிள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

2. பின்புறம் இருக்கும் விடுவிப்புத் தாழை நகர்த்துங்கள். முன்பக்கத்தின் பளபளப்பான கறுப்பு மூடி தளர்ந்து மேலெழும். கத்தியோ ஸ்குரூடிரைவரோ வைத்து நெம்பத் தேவையே இல்லை. வரவில்லை என்றால் தாழ் முழுதாக நகரவில்லை என்று பொருள்.

3. மாட்யூலைப் பிடித்திருக்கும் சிறு நெம்புகோலை மேலே தூக்கி, மாட்யூலை நேராக மேல்நோக்கி இழுங்கள். சாய்த்து இழுத்தால் இணைப்பு முனைக்குச் சிரமம்.

4. புது மாட்யூலின் உலோக முனைகளை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெயும் வியர்வையும் இணைப்பைக் கெடுக்கும். நேராக உள்ளே இறக்கி, முழுதாக அமர்ந்ததும் நெம்புகோலை மடக்குங்கள். மடங்க மறுத்தால் மாட்யூல் சரியாக அமரவில்லை. அழுத்தாமல் எடுத்துத் திரும்ப வையுங்கள்.

5. மூடியைப் பொருத்தி, உங்களுக்குப் பிடித்த ஸ்டிக் தொப்பியை மாற்றி மாட்டி, படி 1-இன் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

அவசரமில்லாமல் செய்தாலும் ஐந்து நிமிட வேலை.

புது மாட்யூல் நீண்ட நாள் உழைக்க

எட்ஜைப் போன்ற கன்ட்ரோலரின் உண்மையான பயனை இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். ஓடுவதற்கு எல்3 (இடது ஸ்டிக்கை அழுத்துவது), கத்தியால் குத்த ஆர்3 (வலது ஸ்டிக்கை அழுத்துவது) என்று பல விளையாட்டுகள் ஸ்டிக்கை அழுத்தச் சொல்கின்றன. ஸ்டிக்கை முழுதாக முன்னால் தள்ளிய நிலையிலேயே கீழேயும் அழுத்துவதுதான் மாட்யூலுக்கு நேரும் மிக மோசமான சுமை. தண்டு சாய்ந்திருக்கும்போது கட்டைவிரலின் பலம் முழுவதும் பக்கவாட்டில் இறங்குகிறது. எட்ஜின் இரண்டு பின்பொத்தான்களுக்கும் எல்3, ஆர்3 இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். விளையாட்டிலேயே தானாக ஓடும் அமைப்பு இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றம் எந்தச் சுத்திகரிப்பையும் விடப் பலன் தரும்.

பையில் வைக்கும்போது ஸ்டிக் எதன் மேலாவது அழுந்திச் சாய்ந்தே கிடக்கக் கூடாது. ஸ்பிரிங் தளரும். உயரமான தொப்பி குறிபார்க்க நல்லது, ஆனால் தண்டின் நீளம் கூடுவதால் நெம்பும் விசையும் கூடும். முரட்டுத்தனமாகத் தள்ளும் பழக்கம் இருந்தால் குட்டையானதையே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் எலீட் சீரிஸ் 2 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் ஸ்டிக்கின் இறுக்கத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். இறுக்கம் கூட்டினால் நடுவுக்குத் திரும்புவது திடமாகும், ஆனால் தடத்தின் தேய்மானம் குறையாது. அதன் ஸ்டிக் தனி மாட்யூலாகக் கழன்று வரவும் வராது.

சாதாரண டூயல்சென்ஸ் வைத்திருந்தால்

அதில் ஒரு ஸ்டிக் பலகையோடு 14 இடங்களில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது: பொட்டென்ஷியோமீட்டருக்கு ஆறு, பொத்தானுக்கு நான்கு, சட்டத்தைப் பிடிக்க நான்கு. இத்தனையையும் ஒரே நேரத்தில் இளக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் செம்புத் தடம் பிய்ந்து வந்துவிடும். அதைச் சரிசெய்வது ஸ்டிக் மாற்றுவதை விடக் கடினம். இதுவரை சால்டரிங் செய்யாதவர் இதில் தொடங்க வேண்டாம். பழைய பலகைகளில் பழகுங்கள், அல்லது பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு நடுப்புள்ளியையும் வீச்சையும் கட்டாயம் கேலிபரேட் செய்ய வேண்டும், அதாவது புது ஸ்டிக்குக்கு ஏற்ப அளவீட்டைச் சரிப்படுத்த வேண்டும். குரோமில் ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. கடைசியில் நிரந்தரமாகச் சேமிக்க மறந்தால் கன்ட்ரோலரை அணைத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பலகையைத் திறந்து ஸ்டிக்கை எடுக்கும் அளவுக்கு இறங்கிவிட்டால் ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் வகை மாட்யூலையே போடுங்கள். இவை காந்தப்புலத்தை உரசலின்றி அளக்கின்றன, அதனால் கரித்தடம் தேயும் பேச்சே இல்லை. புதிய நுட்பமும் அல்ல. 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே காந்த ஸ்டிக் இருந்தது. ஆனால் ஸ்பிரிங்கும், தண்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கும், அழுத்தும் பொத்தானும் இவற்றிலும் பழைய மாதிரியேதான். எனவே படி 1-இல் இரு பக்கமும் வெவ்வேறு எண்ணில் வந்து நிற்கும் கோளாறு காந்த ஸ்டிக்கிலும் வரலாம்.