ஊதுவத்திக் குச்சியில் ஒரு ஏடி ஸ்கவுட்

1915இல் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹாரிஸ் பூத் வரைந்த போர் விமானம்தான் ஏடி ஸ்கவுட். ஜெர்மனியின் செப்பலின் வான்கப்பல்களை அடிக்க, பின்னுக்கு உதைக்காத டேவிஸ் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும் என்பது திட்டம். நான்கே நான்கு செய்தார்கள். எடை கூடிப்போய், சொன்ன பேச்சு கேட்காததால் கைவிட்டுவிட்டார்கள். விமானியின் கூடு மேல் இறக்கையோடு ஒட்டியிருக்கும், எஞ்சின் அதன் முதுகில், வாலோ இரண்டு பக்கச் சட்டங்களின் கடைசியில். பரண் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும், எனக்கு அதனாலேயே பிடிக்கும். தள்ளிவிட்டால் மிதக்கும் கிளைடராகச் செய்யலாம்.

மெல்லிய தெர்மாகோல் ஷீட்டில் 40 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் இரண்டு இறக்கை வெட்டுங்கள், புது பிளேடாக இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட்டுச் சின்னக் குச்சிகளை நிறுத்துங்கள். கூட்டுக்கு ஒரு தெர்மாகோல் துண்டு போதும், மேல் இறக்கையின் நடுவில் ஒட்டுங்கள். வெள்ளைப் பசைதான் வேண்டும், உடனே ஒட்டும் பசை தெர்மாகோலை அரித்துவிடும்.

வால் சட்டத்துக்கு ஈர்க்குச்சி வேண்டாம், வளையும். ஊதுவத்தியைத் தண்ணீரில் ஊறவைத்து மாவைச் சுரண்டினால் நேரான மூங்கில் குச்சி கிடைக்கும் (சாமி அலமாரியில் இருந்து எடுத்தால் அடி விழும், தனிப் பாக்கெட் வாங்குங்கள்). பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. தரை டைல்ஸின் கோட்டோடு கோடாக வைத்து ஒட்டுங்கள், ஏனென்றால் ஒரு குச்சி கோணினாலும் வால் முறுக்கிக்கொள்ளும். ஊட்டியில் ஜூலை மாதம் பசை லேசில் காயாது. நான் அவசரப்பட்டு ஒரே மணி நேரத்தில் கையில் எடுத்தேன், அப்புறம் என்ன, எறிந்த ஒவ்வொரு தடவையும் இடது பக்கமே சுற்றி வந்து என் காலடியிலேயே விழுந்தது. ஒரு ராத்திரி முழுக்க அடுப்படி மேடையில் விட்டுவிடுங்கள்.

வால் இறக்கைகளை எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசாக வெட்டுங்கள். பிறகு மேல் இறக்கையின் முன்விளிம்பில் இருந்து 2 செ.மீ. தள்ளி இரண்டு விரலில் தாங்கிப் பாருங்கள். பின்பக்கம் சாயும், நிச்சயம் சாயும். சமமாக நிற்கும்வரை கூட்டின் மூக்கில் நாணயமோ களிமண்ணோ சேருங்கள்.

காற்று கிளம்புவதற்கு முன், காலையில், புல்வெளியில் மட்டமாகத் தள்ளிவிடுங்கள். மூக்கு தூக்கி நின்று விழுந்தால் எடை கூட்டுங்கள், நேராகக் குத்தினால் குறையுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, அதனால் மேட்டுப்பாளையத்தில் எறிவதைவிடக் கொஞ்சம் வேகமாகவே எறிய வேண்டும். தேயிலைச் சரிவுப் பக்கம் மட்டும் வேண்டாம். செடி மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும், எடுக்க இறங்கினால் பேன்ட் முழங்கால்வரை நனைந்துவிடும்.