துக்கம் திரும்பி வரும்போது, கையில் காசும் இல்லாதபோது

விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு, சோத்தில் பிடிப்பில்லை. மன அழுத்தம் திரும்புவதற்கு எனக்கு இதுதான் முதல் அடையாளம். அம்மாவின் திதி நெருங்கினால் கூடும். இரண்டு வாரம் நீடித்தால் காத்திருக்காதீர்கள்.

கோவை, ஈரோடு அரசு மருத்துவமனைகளில் மனநல டாக்டரைப் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். பழைய சீட்டு, காலி மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துப்போங்கள். முன்பு எந்த மாத்திரை பலன் தந்ததென்று டாக்டருக்குத் தெரியும். குணம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். தேறியதும் தானாக நிறுத்துவது, மிச்சம்பிடிக்கப் பாதியாக உடைத்துப் போடுவது, இங்கேதான் பலர் தவறுகிறோம். தலை சுற்றும், நோயும் திரும்பும். நாலு நாள் மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்தது வாங்கிவிடுங்கள்.

அடுப்படிக்குப் போகவே முடியாத நாளில் அரிசிம்பருப்பு போதும்: ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, ஒரே குக்கர்.

சாகத் தோன்றினால் அந்த நிமிஷமே அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். நடுராத்திரியும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.