கடலோரத்தில் கம்ப்யூட்டர் சூடானால்: பார்ப்பது, திறப்பது, துடைப்பது

ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதும் கத்திரி வெயில் ஏறுவதும் ஏறக்குறைய ஒரே சமயம். சாதிச் சான்று, வருமானச் சான்று, பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம் என்று ராமநாதபுரம் கரையோரம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் கம்ப்யூட்டர் காலையில் ஓட ஆரம்பித்தால் இரவு வரை நிற்காது. மதியம் இரண்டு மணிக்கு, எல்லாம் நிரப்பி முடித்துக் கடைசிப் பட்டனை அழுத்தப் போகும்போது, திரை கறுத்துவிடும். கடைக்காரர் "வைரஸ் ஏறிடுச்சு" என்பார். வைரஸ் பாவம். அந்த நேரத்தில், அந்தத் தகரக் கூரையின் கீழ், பெரும்பாலும் காரணம் சூடுதான்.

சிபியு பெட்டியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூட்டைக் குறைக்க இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களின் காற்றை நினைத்து எழுதியவை. தூசியை ஊதித் தள்ளு, ஃபேனை மாற்று, அவ்வளவுதான். மண்டபத்திலும் பாம்பனிலும் கீழக்கரையிலும் அது பாதி வேலை. நம் ஊர்த் தூசியில் உப்பு இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசர் இழுக்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் சூடாகவே வெளியே வந்தாக வேண்டும். அந்தச் சூடு முதலில் ப்ராசசர்மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் என்ற பசைக்குப் போகும். பிறகு அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்கு. அங்கிருந்து ஃபேன் அதைக் காற்றில் தள்ளிவிடும். இந்தச் சங்கிலியில் எங்கே அடைத்தாலும் சூடு தேங்கும்.

தேங்கினால் ப்ராசசர் உடனே எரிந்து போகாது. அதற்குள்ளேயே வெப்பத்தைப் பார்க்கும் சென்சார்கள் உண்டு. எல்லை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் ப்ராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. "மதியமானா சிஸ்டம் ஸ்லோ" என்ற புகாரில் பாதி இதுதான். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும். அது பழுதாகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

அடி வாங்குவது பக்கத்தில் இருப்பவை. மதர்போர்டு என்ற முதன்மைச் சுற்றுப் பலகையிலும், வீட்டு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையிலும் இருக்கும் கெபாசிட்டர்கள் என்ற சிறு உருளைகளின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தோராயமாகப் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் நெடுநாளைய கணக்கு. லேப்டாப் பேட்டரி வீங்கும். பழைய ஹார்டு டிஸ்க்குகள் பலவற்றுக்கு 60 டிகிரிதான் மேல்வரம்பு.

இப்போது உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். சமையலறை உப்பு ஜாடியில் தினமும் பார்ப்பதுதான். கடலோர இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். ஹீட்சிங்க்கில் படிந்த உப்புத்தூசி இரவில் சேறாகிப் பகலில் காய்ந்து கெட்டியாகும், மறுபடி இரவில் சேறாகும். ஈரமான உப்பு மின்சாரத்தையும் கடத்தும், செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் மதர்போர்டுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது.

படி 1: சூடுதானா என்று உறுதி செய்யுங்கள்

கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் இரண்டு பேர்மேல் சந்தேகம்: சூடு, வோல்டேஜ். பிரித்துப் பார்ப்பது எளிது. ஃப்ரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ ஓட ஆரம்பிக்கும் நொடியில் அணைந்தால் வோல்டேஜ். அதற்கு யுபிஎஸ்ஸையும் வயரிங்கையும் பாருங்கள், பெட்டியைத் திறக்க வேண்டாம். ஃபேன் கொஞ்ச நேரம் இரைந்து, கம்ப்யூட்டரின் வேகம் குறைந்து, பிறகு அணைந்தால் சூடு. அணைந்த உடனே போட்டால் மறுபடி அணைந்து, கால் மணி நேரம் விட்டுப் போட்டால் ஒழுங்காக ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

படி 2: அளந்து எழுதி வையுங்கள்

கோர் டெம்ப், எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு எல்எம்-சென்சார்ஸ் போதும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ப்ராசசர் சூடு தெரியாது, ஆனால் வேகம் தெரியும். முழு வேலையில் ஓடும்போது அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் சூட்டுக்காகத் தணிந்து ஓடுகிறது என்று கொள்ளலாம்.

விடியற்காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, அதே வேலையைச் செய்துகொண்டே பாருங்கள். அறை 10 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். காலையில் 75, மதியம் 86 என்றால் இயந்திரத்தில் கோளாறு இல்லை, வெயில்தான். காலையிலேயே 90ஐத் தாண்டி அங்கேயே நின்றால் உள்ளே அடைப்பு இருக்கிறது. சும்மா இருக்கும்போது 40 முதல் 55, வேலையில் 70 முதல் 85 என்பது நம் வெயிலுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை.

படி 3: இடத்தை மாற்றிப் பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள், காசு செலவில்லை. கம்ப்யூட்டர் மேசையில் சிபியுவுக்கென்று ஓர் அறை அடைத்திருப்பார்கள், அது அடுப்பு. பெட்டியை வெளியே எடுத்து, பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வேண்டாம். ஓடும்போது பூப்போட்ட பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள்.

ஏர் கூலரைக் கம்ப்யூட்டருக்கு நேரே திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர். ஈரக் காற்றில் கூலர் பெரிதாகக் குளிர்விப்பதில்லை. அறையின் ஈரத்தை மட்டும் கூட்டிவிட்டு, உப்புக்கு அது தேடும் தண்ணீரைத் தேடிக் கொடுக்கும். சாதாரண மேசை ஃபேன் எவ்வளவோ மேல். லேப்டாப்புக்குக் கூலிங் பேட் வாங்குவதும் அப்படித்தான். காற்றுத்துளை அடைத்திருந்தால் கீழே எத்தனை ஃபேன் சுற்றினாலும் பயன் இல்லை.

படி 4: திறந்து சுத்தம் செய்வது

தேவையானவை: நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், அரை இஞ்ச் பெயின்ட் பிரஷ் புதிதாக ஒன்று, பழைய டூத் பிரஷ், 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சு. ப்ளோயர் இருந்தால் நல்லது.

நேரம் முக்கியம். காலை பதினொரு மணிக்கு மேல், வெயில் ஏறி ஈரம் இறங்கிய பிறகு தொடங்குங்கள். அதிகாலையில் திறந்தால் தூசி சேறாக இருக்கும், பிரஷ் போட்டால் இழுபடுமே தவிர உதிராது. ஆடி மாதக் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் நாட்களில் வாசலில் வைத்துத் திறக்காதீர்கள். காற்று மறைவான திண்ணை போதும்.

சுவிட்சை அணைத்து, வயரை எல்லாம் பிடுங்கி, பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். திருகுகள் துருவேறி மறுத்தால் முறுக்கித் தலையைத் தேய்த்துவிட வேண்டாம். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்துத் திருகின்மேல் மட்டும் தடவி, பத்து நிமிடம் விட்டுத் திருப்பினால் பெரும்பாலும் அசையும். எண்ணெய் உள்ளே போகக் கூடாது.

திறந்ததும் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, பிறகு மற்றதைத் தொடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். இப்போது ப்ராசசர் ஃபேனை மேலிருந்து பாருங்கள். இறக்கைகளின் ஓரத்தில் பழுப்பு நிறப் படலம் இருக்கும். அது பெரிய விஷயமில்லை. ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படுகை உட்கார்ந்திருக்கும். மேலிருந்து ஊதினால் அது இன்னும் இறுகும். ஃபேனைத் தாங்கும் கொக்கிகளை விடுவித்து ஃபேனை மட்டும் தூக்கிவிட முடிந்தால், அந்தப் படுகை விரலால் பிடுங்கும் அளவுக்கு ஒரே துண்டாக வரும். நுனியில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பாக, கருவாட்டு வாடையோடு இருக்கும். கடற்கரைப் பக்கம் இருக்கும் கடைகளில் இது தனியாகத் தெரியும்.

ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடித்து அது வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போகும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் உண்டாக்கும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் கழற்றவே வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருள்ள மின்சாரம் இருக்கும். வெளியிலிருந்து பிரஷ் போட்டால் போதும்.

ஊதியதோடு நிறுத்தினால் உப்பு அங்கேயே இருக்கும். டூத் பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து, உதறி, அலுமினியத் தகடுகளின் இடுக்கிலும் மதர்போர்டில் வெள்ளைப் பூச்சாகவோ பச்சைக் களிம்பாகவோ தெரியும் இடங்களிலும் மெதுவாகத் தேயுங்கள். தளர்ந்த அழுக்கைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். தண்ணீர், மண்ணெண்ணெய், சென்ட் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். மதர்போர்டில் செருகியிருக்கும் ராம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி அதன் தங்க நிற விளிம்பையும் இதே ஆல்கஹாலால் துடைத்து, க்ளிக் என்று கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். பிறகு அரை மணி நேரம் திறந்தபடி காயவிட்டு மூடுங்கள்.

படி 5: தெர்மல் பேஸ்ட்

சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லை என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். வாங்கி நாலைந்து வருடம் ஆன பெட்டியில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். இன்டெல் ஃபேனில் நான்கு பிளாஸ்டிக் ஆணிகள், அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் விடும். பழைய ஏஎம்டி வகையில் எச்சரிக்கை தேவை: காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசசரையும் சேர்த்துப் பிடுங்கி, அடியில் இருக்கும் ஊசிகளை வளைத்துவிடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு இளஞ்சூட்டில் அணைத்து, இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள். பழையதைத் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு புதிது. அதிகம் வைத்தால் நல்லது என்ற எண்ணம் தப்பு, வழியும். திரும்ப மாட்டும்போது ஆணிகளைக் குறுக்குக் குறுக்காக அழுத்துங்கள்.

லேப்டாப்பாக இருந்தால்

புதியவர்கள் திறக்க வேண்டாம், ரிப்பன் வயர்கள் சட்டென்று அறுந்துவிடும். அணைத்துவிட்டுக் காற்றுத்துளையைப் பிரஷ்ஷால் துடைப்பதோடு சரி. வெயில் காலத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது: பவர் ஆப்ஷன்ஸில் மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட் என்ற வரியில் 100க்குப் பதில் 99 என்று மாற்றுங்கள். அடிப்படை வேகத்துக்கு மேலே ஓடும் டர்போ வேகம் நின்று, சூடு நன்றாகவே குறையும். படிவம் நிரப்புவதற்கும் டைப் அடிப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. சில புதிய லேப்டாப்களில் இந்த வரி இருக்காது. பெரும்பாலான லேப்டாப்கள் 35 டிகிரி வரையிலான அறைக்காகத்தான் வடிவமைக்கப்படுகின்றன என்பதும் நினைவிருக்கட்டும். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குக் கொண்டு போங்கள். குத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம்.

மெக்கானிக்கிடம் எப்போது

தலை உப்பிய கெபாசிட்டர், சுற்றாத பவர் சப்ளை ஃபேன், தேய்த்தும் போகாத பச்சைக் களிம்பு, கருகிய வாடை. இவற்றில் எது தெரிந்தாலும் மூடி எடுத்துப் போங்கள். நீங்கள் எழுதி ஒட்டிய காலை மதிய எண்களைக் காட்டினால் அவருக்கும் வேலை மிச்சம். "ஃபார்மட் அடிச்சுப் பாக்கலாம்" என்று ஆரம்பித்தால் அந்தத் தாளை நீட்டுங்கள்.

ஓடாமல் கிடக்கும் கம்ப்யூட்டர்

சூட்டைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம்: நம் கரையில் தினமும் ஓடும் கம்ப்யூட்டரைவிட மூலையில் சும்மா கிடப்பது சீக்கிரம் கெடும். மிதமான சூடு உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டி உப்பைக் காய்ந்த நிலையிலேயே வைத்திருக்கும். அணைந்து கிடந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேரும்போது நிலைமை இன்னும் மோசம். அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். அணைத்து, சூடு முழுக்க ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். லேப்டாப்பைப் பைக்குள் வைப்பதென்றால் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைக் கூடப் போடுங்கள். ஏசி காரிலிருந்தோ ஏசி ஆபீஸிலிருந்தோ இறங்கி வந்த உடனே லேப்டாப்பைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் கடல் காற்று பட்டால் உள்ளே வியர்க்கும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், அப்புறம் எடுத்துப் போடுங்கள்.