அணி முதலாளியைக் கேள்வி கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியின் உரிமையாளராக இருந்தவர் ராபர்ட் சார்வர். ஒரு பெண் ஊழியரை எல்லோர் முன்னிலையிலும் அவர் திட்ட, அந்தப் பெண் அழுதுவிட்டார். இங்கே இருக்கிற பெண்களெல்லாம் ஏன் இப்படி அழுகிறார்கள் என்று அதற்கும் ஒரு பேச்சு. பிறகு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு அவரே ஏற்பாடு செய்தார், பெண்களுக்கு மட்டும். அவர் பொறுப்பில் இருந்த வங்கியின் பெண் ஊழியர்கள் வந்து, அவரிடம் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று சன்ஸ் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

2022 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. 320 பேரிடம் பேசி, 80,000-க்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பார்த்து எழுதிய அறிக்கை அது. அதில் இதைவிட மோசமான விஷயங்களும் உண்டு. ஆனாலும் என்னால் கடந்து போக முடியாதது இந்தச் சாப்பாடுதான். திருந்த வேண்டியவர் ஒருவர். பயிற்சி கொடுத்தது அழுதவர்களுக்கு.

அணி உரிமையாளர்கள் மேல் புகார் வரும்போதெல்லாம் ஒரே மாதிரியான தவறுகள் நடக்கின்றன. அணிகளையெல்லாம் சேர்த்து நடத்தும் அமைப்பான லீக் செய்கிறது, விசாரிப்பவர்கள் செய்கிறார்கள், ரசிகர்களும் பத்திரிகைகளும் செய்கிறோம். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு மேலாளர் மேல் வந்த புகாரைப் போலவே முதலாளி மேல் வந்த புகாரையும் நடத்துவது. மேலாளருக்கு மேலே ஒருவர் இருப்பார். முதலாளிக்கு மேலே யாரும் இல்லை.

எச்.ஆர்., அதாவது மனிதவளத் துறை, பார்த்துக்கொள்ளும் என்று நம்புவதில் இருந்து ஆரம்பிக்கலாம். சன்ஸ் அணியிலும் எச்.ஆர். இருந்தது. ஆனால் அது பல காலமாகச் சரியாக இயங்கவில்லை, ஊழியர்கள் அதை நம்பிப் போகவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. எப்படிப் போவார்கள்? எச்.ஆர். அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவர்தான் புகாரில் இருப்பவர். அந்த அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. புகார் போகிற வழி அலுவலகத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டுச் சட்டம் கொஞ்சம் யோசித்திருக்கிறது, தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளையாட்டு நிறுவனமும் ஸ்டேடியமும் போட்டி நடக்கும் இடமும் 'பணியிடம்' என்பதற்குள் வருகின்றன. புகார் முதலாளி மேலேயே என்றால் அலுவலகத்தின் உள்ளகக் குழுவிடம் போக வேண்டியதில்லை. மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பு கிடைக்கும்.

அடுத்த தவறு, உள்நோக்கத்தைத் தேடுவது. கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை, மற்றவர்கள் சொன்னதாகத் திருப்பிச் சொல்லும்போது சார்வர் குறைந்தது 5 முறை பயன்படுத்தினார் என்று அறிக்கை உறுதிசெய்தது. கர்ப்பமாக இருந்த ஓர் ஊழியரிடம், தாயான பிறகு உன்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவர் சொன்னதும் அதில் இருக்கிறது. ஆனால் இன வெறுப்பாலோ பெண் வெறுப்பாலோதான் இப்படி நடந்தார் என்று முடிவு செய்ய முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். இது போதும், பேச்சு திசைமாறிவிடும். அவர் மனசில் என்ன இருந்தது என்பது எல்லோருக்கும் கேள்வியாகிவிடுகிறது, அந்தக் கர்ப்பிணி ஊழியர் மறுநாள் எப்படி வேலைக்கு வந்தார் என்பது யாருக்கும் கேள்வியாக இல்லை. மனசை யாரும் திறந்து பார்க்க முடியாது. என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது, யார் வேலையை விட்டுப் போனார்கள் என்பதைப் பார்க்க முடியும். அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்புறம் அபராதம். சார்வருக்கு என்.பி.ஏ. விதித்தது ஓராண்டு சஸ்பென்ஷனும் 1 கோடி டாலர் அபராதமும். தலைப்புச் செய்தியில் பார்த்தால் பெரிய தொகைதான், லீக் விதிகள் அனுமதித்த உச்சபட்சமும் அதுதான். ஆனால் 2004-இல் சுமார் 40 கோடி டாலருக்கு அவர் வாங்கிய அணி, விற்கும்போது 400 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. 400 ரூபாய் வைத்திருப்பவரிடம் 1 ரூபாய் வாங்கிய கணக்கு. ஆகவே அபராதச் செய்தியைப் படிக்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், அதை அணியின் மதிப்போடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

ஆனாலும் சார்வர் போனார். எப்படிப் போனார் என்பதில்தான் நாம் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. செப்டம்பர் 13 அன்று தண்டனை அறிவிப்பு. சாதாரண ஊழியர் ஒருவர் இப்படி நடந்திருந்தால் வேலை போயிருக்குமே என்று நிருபர்கள் கேட்டபோது, ஊழியர் வேறு, அணியின் உரிமையாளர் வேறு, உரிமையாளருக்கென்று சில உரிமைகள் உண்டு என்ற அர்த்தத்தில்தான் லீக்கின் தலைவரான கமிஷனர் ஆடம் சில்வர் பதில் சொன்னார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கமிஷனரை நியமிப்பதே உரிமையாளர்கள்தான். ஓர் உரிமையாளரை வெளியேற்ற மற்ற உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் வாக்களிக்க வேண்டும். நாளைக்கு இதே விதி தன் மேல் திரும்பலாம் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். அதனால் லீக் தானாகவே நியாயம் வழங்கிவிடும் என்று காத்திருப்பது பெரிய தவறு.

நகர்த்தியது வேறு ஆட்கள். என்.பி.ஏ.வின் நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் இந்தத் தண்டனை போதாது என்று வெளிப்படையாக எழுதினார். சன்ஸ் அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த கிறிஸ் பாலும் எழுதினார். அணியில் பங்கு வைத்திருந்த ஜாம் நஜாஃபி, சார்வர் விலக வேண்டும் என்று கடிதம் வெளியிட்டார். சட்டையில் பெயர் போட்டிருந்த ஸ்பான்சர் பேபால், சார்வர் தொடர்ந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. செப்டம்பர் 21 அன்று அணியை விற்கப்போவதாக சார்வர் அறிவித்தார். 8 நாள். ரசிகர்கள் லீக்கின் முகவரிக்கு மட்டும் எழுதிக்கொண்டிருக்காமல், சட்டையில் இருக்கும் பெயருக்கும் எழுதலாம்.

இன்னொன்று, ஒலிப்பதிவு வரட்டும் என்று காத்திருப்பது. இன்னொரு என்.பி.ஏ. அணியான லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங் கறுப்பின மக்களைப் பற்றி இழிவாகப் பேசிய பதிவு 2014 ஏப்ரலில் வெளியானது. அடுத்த ஆட்டத்துக்கு முன் கிளிப்பர்ஸ் வீரர்கள் பயிற்சிச் சட்டைகளைக் கழற்றி ஆடுகளத்தின் நடுவே குவித்துப் போட்டார்கள். உள்ளே போட்டிருந்த சட்டையில் அணியின் பெயர் தெரியாதபடி திருப்பி அணிந்திருந்தார்கள். சில நாட்களில் ஆயுள் தடை வந்தது. சரி, அதற்கு முன்? தன் வாடகை வீடுகளில் கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானிக் குடும்பங்களுக்கும் பாகுபாடு காட்டினார் என்று அமெரிக்க நீதித்துறையே ஸ்டெர்லிங் மேல் வழக்குப் போட்டு, 2009-இல் அவர் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்திருந்தார். நீதிமன்ற ஆவணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லீக் அசையவில்லை. எழுத்தில் இருக்கும் ஆதாரம் போதாது, காதால் கேட்டால்தான் நம்புவோம் என்றால், ரகசியமாகப் பதிவுசெய்ய முடியாத ஊழியருக்கு நியாயமே கிடைக்காது.

சத்தமில்லாமல் அனுப்பிவைப்பதும் உண்டு. போர்ட்லாந்து தார்ன்ஸ் மகளிர் கால்பந்து அணியில் 2015-இல் பயிற்சியாளர் பால் ரைலி மேல் ஒரு வீராங்கனை பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுத்தார். அணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, காரணத்தை வெளியே சொல்லவுமில்லை. அவர் வேறு அணிக்குப் போய் 2021 வரை அதே லீக்கில் பயிற்சியாளராக இருந்தார். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுகிற வேலை இது. பயிற்சியாளரைக் கேட்கும்போது, தெரிந்தும் வாய் திறக்காத அணி நிர்வாகத்தையும் உரிமையாளரையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது என்று நான் நினைப்பது, அறிக்கையை எழுத்தில் வாங்காமல் இருப்பது. வாஷிங்டன் அமெரிக்கக் கால்பந்து அணியில் 2020 ஜூலையில் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். வழக்கறிஞர் பெத் வில்கின்சன் 150-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார். பயந்து பயந்து, வேலையையும் பெயரையும் பணயம் வைத்துச் சொன்னவர்கள் அதில் எத்தனையோ பேர். 2021 ஜூலையில் அந்த விளையாட்டின் லீக்கான என்.எஃப்.எல். அணிக்கு 1 கோடி டாலர் அபராதம் விதித்தது. உரிமையாளர் டேன் ஸ்னைடர் ஒதுங்கியிருக்க, அணியின் அன்றாடப் பொறுப்பு அவருடைய மனைவி கைக்குப் போனது. அறிக்கை எங்கே என்றால், எழுத்தில் எதுவும் இல்லை, வாய்மொழியாகத்தான் சொன்னார்கள் என்று பதில். சாட்சி சொன்னவர்களின் ரகசியத்தைக் காக்கவே இப்படி என்றார்கள். சாட்சி சொன்னவர்களிலேயே பலர் அறிக்கையை வெளியிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயரை மறைத்து எழுதுவதில் என்ன கஷ்டம்? சார்வர் அறிக்கையில் பெயர் இல்லாமலேயே அந்தச் சாப்பாடுவரை எழுதவில்லையா?

பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு தலையிட்டது. முன்னாள் ஊழியர் ஒருவர் அந்தக் குழுவின் முன் ஸ்னைடர் மேல் புதுப் புகார் சொல்ல, வழக்கறிஞர் மேரி ஜோ வைட் இரண்டாவது விசாரணை நடத்தினார். அது எழுத்தில் வந்தது, எல்லோரும் படிக்கவும் முடிந்தது. 2023 ஜூலை 20 அன்று என்.எஃப்.எல். அறிக்கையை வெளியிட்டு ஸ்னைடருக்கு 6 கோடி டாலர் அபராதம் விதித்த அதே நாளில், 605 கோடி டாலருக்கு அணி கைமாற மற்ற உரிமையாளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். முதல் விசாரணையில் அந்த 150 பேர் சொன்னதை வைத்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதை மட்டும் என்.எஃப்.எல். இதுவரை வெளியிடவில்லை.